கையெழுத்திட்ட ஆசிரியர்: ஜி. சுப்பிரமணிய ஐயர்

காஞ்சிபுரத்தை அடுத்த கூரம் என்னும் சிற்றூர் இரண்டு காரணங்களால் பெயர் பெற்றது. ஒன்று, பல்லவன் முதலாம் பரமேசுவரவர்மனின் செப்பேடு. ஊர் மண்டபத்தில் பாரதம் படிப்பவருக்கென்று தனிப் பங்கு ஒதுக்கிய சாசனம் அது. மற்றொன்று, ஒரு மனிதர் இட மறுத்த கையெழுத்து. சிவத்தினும் மேலானது இல்லை என்று எழுதிய ஓலையில் ஒப்பமிடுமாறு சோழ மன்னன் வைணவப் பெரியோர்க்கு ஆணையிட்டான். இராமாநுசரின் காவியுடையைத் தாம் தரித்து அவைக்குச் சென்ற கூரத்தாழ்வான், சிவம் என்பதையும் துரோணம் என்பதையும் முகத்தலளவைப் பெயர்களாகக் கொண்டு, குறுணிக்கு மேல் பதக்கு உண்டு எனச் சிலேடையாக எழுதித் தந்தார். அதன் விலையாகக் கண்களை இழந்தார். குருபரம்பரை கூறும் கதை இது. எந்தச் சோழன் என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்னும் ஒன்றுபடவில்லை. அதே கதையில், அரசன் நீட்டிய ஓலையில் மறுப்பின்றி ஒப்பமிட்ட அறிஞர்களும் வருகிறார்கள். அவர்களுடைய பெயர்களை யாரும் பாராட்டுவதில்லை.

தமிழ்ப் பத்திரிகை உலகின் முன்னோடியான ஜி. சுப்பிரமணிய ஐயரின் வாழ்க்கையிலும் ஒரு கையெழுத்து உண்டு. அவர் அதை மறுக்கவில்லை; இட்டார். அவரைப் போற்றி எழுதுவோர் அந்தப் பக்கத்தை விரைந்து புரட்டிவிடுகின்றனர். தூற்றுவோர் அந்தப் பக்கத்தை மட்டுமே படிக்கின்றனர். அவருடைய வாழ்வு முழுவதையும் அறிந்தவர்க்கே அக்கையெழுத்தின் கனம் விளங்கும்.

தஞ்சை மாவட்டத்துத் திருவையாற்றில் 1855 சனவரி 19 அன்று அவர் பிறந்தார். தந்தை கணபதி தீட்சிதர், அவ்வூர் முன்சீப் நீதிமன்றத்தில் வழக்காடியவர். பதின்மூன்று வயதிலேயே தந்தையை இழந்த சுப்பிரமணியம், தஞ்சையில் படிப்பை முடித்துச் சென்னைக்கு வந்து ஆசிரியப் பயிற்சி பெற்றார். பள்ளிகளில் பாடம் சொல்லிக்கொண்டே தனியாகப் படித்து 1877-இல் பி.ஏ. பட்டம் பெற்றார். திருவல்லிக்கேணியில் அன்று ஓர் இலக்கியச் சங்கம் இருந்தது. மாலை நேரங்களில் கூடிப் படித்ததையும் பார்த்ததையும் பேசிக் கலையும் இளைஞர்களின் சங்கம். அச்சங்கத்தைச் சேர்ந்த அறுவர்தாம் தென்னாட்டின் பொதுவாழ்வையே மாற்றப் போகிறார்கள் என்று அன்று எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள். இலக்கியச் சங்கங்களை வீண்பேச்சுக் கூடங்கள் என்று கருதுவோர் நினைவிற்கொள்ள வேண்டிய செய்தி இது.

அவர்களைத் தூண்டியது ஓர் அவமதிப்பு. சென்னை உயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியாகத் திருவாரூர் முத்துசாமி ஐயர் நியமிக்கப்பட்டார். வறுமையில் வளர்ந்து, தெருவிளக்கின் கீழ் படித்தார் என்று இன்றும் பேசப்படுபவர் அவர். சென்னையின் ஆங்கிலேயப் பத்திரிகைகள் சீறி எழுந்தன. அவை அரசாங்கமே நடத்திய இதழ்கள் அல்ல. ஆயினும் ஆளும் இனத்தாரின் பணத்தில் ஆளும் இனத்தாருக்காக நடந்தவை. அவற்றின் குரலை ஆட்சியின் குரலாகவே ஊர் கேட்டது. அந்த மனிதர் எழுதிய தீர்ப்புகளில் குறை கண்டு அவை எழுதியிருந்தால் அது விமரிசனமாகியிருக்கும். அவை குறை கண்டது பிறப்பில். இந்தியன் ஒருவன் அவ்விருக்கையில் அமரலாகாது என்பதே வாதம். இத்தகைய வசையில் ஒருவர் பெயர் சொல்லப்பட்டாலும் அடி விழுவது ஓர் இனத்தின் மேல். வசையுண்டவர்களுக்கோ மறுமொழி அச்சிட ஒரு தாளும் இல்லை.

அந்தத் தாளை அவர்களே உண்டாக்கினார்கள். சுப்பிரமணிய ஐயர், மு. வீரராகவாச்சாரியார் ஆகிய இரு ஆசிரியர்களும், சட்டம் படித்துக்கொண்டிருந்த நால்வரும் சேர்ந்து ஒரு ரூபாய் பன்னிரண்டு அணா கடன் வாங்கினர். கறுப்பர் நகரத்துத் தங்கசாலைத் தெருவில் இருந்த ஸ்ரீநிதி அச்சகத்தில் 80 படிகள் அச்சிட்டனர். 1878 செப்டம்பர் 20 அன்று ‘ஹிந்து’ வார இதழ் வெளிவந்தது. விலை நான்கணா. ஐயருக்கு வயது இருபத்து மூன்று. மாணவர் நால்வரும் தேர்வு முடிந்து வழக்கறிஞர் தொழிலுக்குச் சென்றுவிட, சுமை முழுவதும் ஆசிரியர் இருவர் மேல் விழுந்தது. எழுத்து ஐயருடையது, கணக்கும் அச்சும் வீரராகவாச்சாரியாருடையவை.

அதே ஆண்டு மார்ச்சில்தான் வைசிராய் லிட்டன் இந்திய மொழி இதழ்களுக்கென்று வாய்ப்பூட்டுச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். ஆங்கில இதழ்களை அச்சட்டம் தொடவில்லை. வெறுப்பை ஆங்கிலத்தில் எழுதலாம். அதற்கு மறுமொழியைச் சொந்த மொழியில் எழுதினால் அச்சகம் போய்விடலாம் என்பது அதன் நடைமுறைப் பொருள். ரிப்பன் ஆட்சியில் அச்சட்டம் நீக்கப்பட்டது. 1882-இல் ஐயர் ‘சுதேசமித்திரன்’ என்னும் தமிழ் வார இதழைத் தொடங்கினார். ஆங்கிலம் அறிந்த சிலரோடு பேசிக்கொண்டிருப்பது போதாது என்று அவர் உணர்ந்ததன் விளைவு அது.

அவ்விதழின் வழியே அவர் தமிழுக்குச் செய்ததைக் கவிஞர்கள் நன்றியோடு நினைக்க வேண்டும். அவர் தமிழ்ப் புலவர் அல்லர். ஆங்கிலத்தில் பாயும் அவருடைய எழுதுகோல் தமிழில் தடுமாறியே நடந்தது. வடசொற்களின் மேல் ஊன்றிக்கொண்டு நடந்தது. வரிவிதிப்பு, வரவுசெலவு, சட்டசபை, ஏற்றுமதி, பஞ்சம் ஆகியவற்றைப் பற்றி ஒரு குடியானவனுக்கு விளங்குமாறு எழுத அன்று தமிழில் பழகிய நடையே இல்லை. அந்த நடையை அவர் வாரந்தோறும் உழுது உண்டாக்கினார். அழகில்லாத உழைப்பு அது. பின்னர் அதே வயலில் வேறொருவர் பொன் விளைத்தார் என்பதால் முதலில் கல் பொறுக்கியவரை மறத்தல் தகாது. ஒருவர் படிக்க ஊரார் கூடிக் கேட்கும் வழக்கம் கூரத்து மண்டபம் முதலே நம் நாட்டில் உண்டு. எழுத்தறியாதவர்க்கும் திண்ணையில் இருந்தபடி உலகச் செய்தி சென்று சேர்ந்தது அந்த வழக்கத்தால்தான்.

‘ஹிந்து’வும் வளர்ந்தது. 1882-இல் சேலத்தில் நடந்த கலகத்தை ஒட்டி, நகராட்சி உறுப்பினர் சி. விஜயராகவாச்சாரியார் பத்தாண்டுத் தண்டனை பெற்றார். அவருக்காக அவ்விதழ் ஓயாமல் எழுதியது. பின்னர் உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. 1883-இல் வாரம் மும்முறையாகவும் 1889-இல் நாளேடாகவும் ‘ஹிந்து’ மாறியது. 1885 டிசம்பரில் பம்பாயில் காங்கிரஸ் முதன்முதல் கூடியபோது முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவர் ஐயரே. இந்திய நிர்வாகத்தை ஆராய ஒரு குழு வேண்டும் என்பது அத்தீர்மானம்.

ஊருக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று அவர் வாழவில்லை. விதவை மறுமணத்தை ஆதரித்து எழுதியவர், இளமையிலேயே விதவையான தம் மகளுக்கு 1889-இல் பம்பாயில் மறுமணம் செய்துவைத்தார். சாதியார் விலக்கினர். நண்பர் பலர் வாசலை மிதிக்க அஞ்சினர். அச்சமின்றி ஆட்சியை எதிர்த்தவருக்கு உறவினரின் மௌனமே கடுமையான தண்டனையாயிற்று. சீர்திருத்த எழுத்தால் சந்தாதாரர்கள் விலகினார்கள் என்பதும், அவதூறு வழக்குகள் செலவு வைத்தன என்பதும் வீரராகவாச்சாரியாரின் கவலைகள். அந்தக் கவலையிலும் நியாயம் இருந்தது. இருவரும் 1898-இல் பிரிந்தனர். இருபதாண்டுகள் தாம் எழுதி வளர்த்த ‘ஹிந்து’வை நண்பரிடம் விட்டுவிட்டு ஐயர் ‘சுதேசமித்திர’னோடு வெளியேறினார். அடுத்த ஆண்டே அதை நாளேடாக்கினார்.

இதே ஆண்டுகளில் பிரான்சு நாட்டை ஒரு வழக்கு இரண்டாகப் பிளந்துகொண்டிருந்தது. யூதராகப் பிறந்த படைத்தலைவர் திரைஃபஸ், ஜெர்மனிக்கு இரகசியம் விற்றதாகப் பொய்க்குற்றம் சாட்டப்பட்டு 1894-இல் தண்டிக்கப்பட்டார். யூத வெறுப்பையே பிழைப்பாகக் கொண்ட இதழ்கள் படைத்துறையின் பொய்க்கு ஊதுகுழல் ஆயின. 1898 சனவரி 13 அன்று நாவலாசிரியர் எமிலி ஸோலா குடியரசுத் தலைவருக்கு எழுதிய பகிரங்கக் கடிதத்தை ‘லோரோர்’ என்னும் நாளேடு வெளியிட்டது. ஸோலா தண்டிக்கப்பட்டு நாட்டைவிட்டு ஓடினார். எனினும் வழக்கு மீண்டும் திறந்தது; 1906-இல் திரைஃபஸ் குற்றமற்றவர் எனத் தீர்ப்பாயிற்று. ஏசிய இதழ்களைப் போலவே மறுத்த இதழும் அங்கே அச்சேற முடிந்தது என்பதே அம்மனிதர் பிழைத்ததற்கு வழி. ஒரு தலைமுறை கழித்து, 1933 அக்டோபர் 4 அன்று, ஹிட்லரின் அரசு பத்திரிகையாசிரியர் சட்டம் இயற்றியது. பதிவேட்டில் பெயருள்ளவர் மட்டுமே எழுதலாம். யூதருக்கும் யூதரை மணந்தவருக்கும் அப்பதிவேட்டில் இடமில்லை. அதன்பின் அமைச்சரகம் நாள்தோறும் இட்ட கட்டளைப்படி நாடெங்கும் இதழ்கள் யூதரை ஏசின. மறுப்புக்கு ஒரு வரி இடமும் இல்லை. அடுத்து நிகழ்ந்ததை உலகம் அறியும். திருவல்லிக்கேணி இளைஞர் அறுவரின் 80 படிகளை அந்த இருளின் முன் வைத்துப் பார்த்தால்தான் அவற்றின் மதிப்புத் தெரிகிறது.

ஐயரின் இதழ்களுக்கும் காது கேளாத பக்கம் ஒன்று இருந்தது. மதுராந்தகம் வட்டாரத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், தம் மக்களை இழித்துச் சொல்லும் பெயரையே தலைப்பாக்கி 1893-இல் ‘பறையன்’ என்னும் இதழைத் தொடங்கினார். சிவில் சர்வீஸ் தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டபோது, அதனால் மேற்சாதியார் கையே ஓங்கும் என அஞ்சி, ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்ட மறுப்பு மனுவை அவர் இலண்டனுக்கு அனுப்பினார். 1907-இல் அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ நடத்தத் தொடங்கினார். ஆங்கிலேய இதழ்களில் தம் குரல் இல்லை என்று கண்டு ஐயர் எதைச் செய்தாரோ, அதையே ஐயரின் இதழ்களில் தம் குரல் இல்லை என்று கண்ட இவர்கள் செய்தார்கள். ஐயரின் பெருமையைக் கூறும் எவரும் இதைக் கூறாமல் விடுவது முறையன்று.

1904 நவம்பரில் மதுரைச் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தற்காலிகத் தமிழாசிரியராக இருந்த இருபத்தோரு வயது இளைஞர் ஒருவர் ‘சுதேசமித்திரன்’ அலுவலகத்தில் உதவியாசிரியராகச் சேர்ந்தார். சுப்பிரமணிய பாரதியைச் சென்னைக்குக் கொணர்ந்த பெருமை ஐயரைச் சேரும். செய்திகளை மொழிபெயர்க்கும் வேலை அவருக்கு. ஆங்கிலத் தந்திகளை நாள்தோறும் தமிழாக்கிய அந்தப் பயிற்சியில் பாரதியின் உரைநடை உரம் பெற்றது. ஆயினும் ஆசிரியரின் நிதானமும் இளைஞரின் தீவிரமும் நெடுநாள் ஒரே வண்டியில் பூட்டப்பட்டிருக்க முடியவில்லை. 1906-இல் பாரதி ‘இந்தியா’ வார இதழுக்குச் சென்றார்.

வங்கப் பிரிவினைக்குப் பின் ஐயரின் எழுத்திலும் சூடு ஏறியது. ஊர் ஊராகச் சென்று தமிழில் பேசினார். அரசாங்க மொழிபெயர்ப்பாளர்கள் தமிழ் இதழ்களை வாரந்தோறும் படித்து, ஆட்சேபத்துக்குரிய பகுதிகளை ஆங்கிலத்தில் சுருக்கி மேலதிகாரிகளுக்கு அனுப்பிவந்தனர். ‘சுதேசமித்திர’னை இத்தனை கருத்தோடு படித்த வாசகர் வேறெவரும் இருந்திரார். அக்கால இதழ்களில் பல கறையானுக்கு இரையாகிவிட்டன. அவற்றில் என்ன இருந்தது என்று அறிய ஆய்வாளர்கள் இன்று அந்த இரகசிய அறிக்கைகளைத்தான் புரட்டுகின்றனர்.

1908 வந்தது. மார்ச்சில் வ.உ. சிதம்பரம் பிள்ளை சிறைப்பட்டார், திருநெல்வேலி கொந்தளித்தது. சூனில் பத்திரிகைகளுக்கு எதிராகப் புதிய சட்டம் பிறந்தது. சூலையில் வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை. அதே மாதம் திலகருக்கு ஆறாண்டு. ஆகஸ்டில் ‘இந்தியா’வின் மேல் கை விழுந்தது. 1867-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வோர் இதழுக்கும் அச்சிடுவோர், வெளியிடுவோர் இன்னாரென்று நடுவர் முன் கையெழுத்திட்டுப் பதிய வேண்டும். ‘இந்தியா’வுக்கு அப்படிக் கையெழுத்திட்டிருந்தவர் மு. சீனிவாசன். எழுதியவர் பாரதி, ஐந்தாண்டுத் தண்டனை பெற்றவர் சீனிவாசன். பாரதி பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குச் சென்றார்.

அதே ஆகஸ்டில் ஐயரும் இராசத்துரோகக் குற்றத்துக்காகக் கைதானார். அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. உடல் முழுவதும் நோய். தொழுநோய் என்றே அதைப் பலரும் எழுதியிருக்கின்றனர். விரல்களும் தோலும் புண்பட்டு, எழுதுகோல் பிடிப்பதே வேதனையாக இருந்த காலம். அரசாங்கம் ஒரு வழி காட்டியது. இனி ஆட்சிக்கு விரோதமாக எழுதுவதில்லை என்று உறுதிமொழி தந்தால் வழக்கைக் கைவிடலாம். முப்பதாண்டுகள் எழுதிய கை அத்தாளில் கையெழுத்திட்டது. ஐயர் வெளியே வந்தார். ‘சுதேசமித்திரன்’ நிற்கவில்லை.

தோழர்கள் கல்லுடைத்துக்கொண்டும் செக்கிழுத்துக்கொண்டும் இருந்த காலத்தில் இது பலருக்கும் கசந்தது. கசந்ததில் வியப்பில்லை. சிறையில் ஐயர் இறந்திருந்தால் அவருக்கு இன்று ஊர்தோறும் சிலை இருக்கலாம், ‘சுதேசமித்திரன்’ இருந்திராது. இதைச் சொல்லி அவர் செய்தது சரியென்று நிறுவிவிட முடியாது. வலிமையற்ற உடலோடு, மூடப்படவிருக்கும் ஓர் அச்சகத்தைக் காப்பாற்ற நினைத்தவர் தம் பெயரை விலையாகக் கொடுத்தார் என்பதே பொருந்தும். அதன்பின் அவ்விதழின் குரல் தாழ்ந்தது என்பதும் உண்மை. கைவிடப்பட்ட வழக்கு என்னும் கயிறு எப்போதும் கழுத்தில் கிடக்க, எந்த ஆசிரியனும் உரக்கப் பேசுவதில்லை. பத்திரிகையை மூடாமலே அதன் குரலை வாங்கிவிட ஓர் அரசுக்கு ஒரு கையெழுத்துப் போதும் என்பதை அன்றைய ஆட்சியாளர்கள் நன்கறிந்திருந்தார்கள். 1910-இல் வந்த சட்டம் அதையே பணமாக மாற்றியது. அச்சகத்தார் முன்கூட்டியே பிணைத்தொகை கட்ட வேண்டும். எழுத்துப் பிடிக்காவிட்டால் தொகை அரசுக்கு. ‘நியூ இந்தியா’ நடத்திய அன்னிபெசன்ட் அம்மையார் 1916-இல் அவ்வாறு இரண்டாயிரம் ரூபாய் இழந்தார். உடனே பத்தாயிரம் கேட்டார்கள்.

கூரத்தாழ்வான் கதையின் பிற்பகுதி இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. அவரை அரசனிடம் காட்டிக்கொடுத்தவன் நாலூரான், அவருடைய மாணாக்கனே. கண்ணிழந்த ஆழ்வான் பிற்காலத்தில் காஞ்சி வரதன் முன் நின்று வரம் கேட்க நேர்ந்தபோது, தம் கண்களைக் கேட்கவில்லை. தமக்குக் கிடைக்கும் பேறு நாலூரானுக்கும் கிடைக்க வேண்டும் என்று கேட்டார். ஒப்பமிட மறுத்த அந்த ஒருவருக்கே அப்படிக் கேட்கும் தகுதி இருந்தது.

ஐயரின் கடைசி ஆண்டுகள் நோயிலும் தனிமையிலும் கழிந்தன. தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பிய காந்தியடிகள் 1915-இல் சென்னைக்கு வந்தபோது அவரைக் கண்டார் என்றும், புண்களைத் தம் மேலாடையால் துடைத்தார் என்றும் சொல்லப்படுகிறது. அந்த ஆண்டில் ‘சுதேசமித்திரன்’ அ. ரங்கசாமி ஐயங்கார் கைக்கு மாறியது. 1916 ஏப்ரல் 18 அன்று ஐயர் மறைந்தார்.

புதுச்சேரியில் பத்தாண்டுகள் இருந்த பாரதி 1918 நவம்பரில் எல்லை கடந்து வந்தபோது கடலூரில் சிறைப்பட்டார். அவரும் ஆளுநருக்கு மனு எழுதினார். தாம் எழுதுவதைக் காவல் துறை பார்த்த பின்பே வெளியிடுவது, திருநெல்வேலி மாவட்டத்திலேயே தங்குவது என்னும் நிபந்தனைகளுக்கு உடன்பட்டு டிசம்பரில் விடுதலையானார். மகாகவி என்று நாடு கொண்டாடும் அவரை அந்த மனுவுக்காக எவரும் இகழ்வதில்லை. ஐயருக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. தடைகள் நீங்கிய பின் 1920-இல் பாரதி சென்னைக்குத் திரும்பினார். பழைய ஆசிரியர் இல்லாத ‘சுதேசமித்திரன்’ அலுவலகத்தில் மீண்டும் உதவியாசிரியராக அமர்ந்தார். 1921 செப்டம்பரில் இறக்கும்வரை அவருடைய எழுத்துக்கு இடம் தந்தது, ஐயர் கையெழுத்திட்டுக் காப்பாற்றிய அந்தத் தாள்தான்.